கூட்டல் குறி போட்டால் நாலு மனை ஆகாது

கேள்வி: என் வயது 38. தனியார் கம்பெனியில் வேலை. திருச்சி வயலூர் ரோட்டுப் பக்கம், மாநகராட்சி எல்லைக்குள், அப்பா 1992இல் வாங்கிய 12 சென்ட் இடம் இருக்கிறது. கிழக்கே ரோடு. தென்வடல் 48 அடி, கிழமேல் 109 அடி. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்னால் ஒரு கிணறு, நாலு தென்னை. அப்பா மூன்று வருடம் முன்பு உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். அக்கா கல்யாணமாகி ஓசூரில். இடத்தை நாலு மனையாகப் பிரித்தால் சதுர அடி 3,000 ரூபாய்க்குப் போகும், பவர் எழுதிக் கொடுத்தால் தானே எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகத் தெரிந்த தரகர் சொல்கிறார். அக்கா எதுவும் கேட்க மாட்டார். வருகிற பணத்தில் ஊருக்கு வெளியே 60 சென்ட் வாங்கி, மனை போட்டு விற்பதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? தரகர் வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகர், திருச்சி

பதில்: படத்தைப் பார்த்தேன். ஒரு செவ்வகம், நடுவில் ஒரு கூட்டல் குறி. நாலு கட்டத்திலும் 24க்கு 54½, 1,308 சதுர அடி என்று எழுதி, கீழே கூட்டி 5,232 போட்டு, அதை 3,000ஆல் பெருக்கி ஒன்றரைக் கோடிக்கு மேல் காட்டியிருக்கிறார். கணக்கில் தப்பில்லை. ஆனால் பின்னால் இருக்கும் இரண்டு மனைக்காரரும் வீட்டுக்கு எந்த வழியாகப் போவார்கள்? முன்மனைக்காரரின் சமையல்கட்டு வழியாகவா?

முப்பது வருடமாக இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிறேன். எல்லாரும் நிலத்தைத்தான் பிரிக்கிறார்கள், பாதையை யாரும் பிரிப்பதில்லை. முதலில் பாதையைப் போட்டுவிட்டு மிச்சத்தை மனையாக்குவதுதான் முறை. பாதை எவ்வளவு அகலம் என்பது எத்தனை மனைக்கு அது போகிறது, எவ்வளவு நீளம் போகிறது என்பதைப் பொறுத்தது. அது மனைகளுக்கு அனுமதி தரும் திட்டக் குழும அலுவலகத்தில் தீர்மானமாகும். இப்போதைக்குக் கணக்குப் பார்க்க 12 அடி என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் 12 அடி பாதை விட்டால் முன்மனைகள் 24 அடியிலிருந்து 18 அடியாகச் சுருங்கும். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தையும் கழித்தால் ரயில் பெட்டி மாதிரி ஒரு வீடுதான் கட்டலாம். பின்மனைகளுக்கோ ஆளுக்கு ஆறடிதான் பாதையோடு தொடுப்பு. கார் திரும்பாது. பாதையை ஓரமாகத் தள்ளினால் பின்மனையில் ஒன்று பாதையையே தொடாது. எப்படிப் புரட்டினாலும் 650 சதுர அடிக்கு மேல் பாதைக்குப் போகும். உங்கள் தரகர் சொன்ன விலையிலேயே அது இருபது லட்சம். பின்மனைக்கு ரோட்டு மனை விலையும் கிடைக்காது.

ஆக, இந்த இடத்தில் நாலு மனை இல்லை. எத்தனை இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அக்கா.

அக்கா கேட்க மாட்டார் என்கிறீர்கள். நம்புகிறேன். அக்காவின் மருமகன் கேட்பார். அவர் இன்னும் பிறக்கவே இல்லை என்றாலும் கேட்பார். உயில் இல்லாமல் அப்பா போய்விட்டதால், இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்ற கணக்கில், அவர் சுயமாக வாங்கிய இடம் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சரிசமம். அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போடுகிற எந்தக் காகிதமும் உங்கள் மூன்றில் ஒரு பங்கைத்தான் கட்டுப்படுத்தும்.

அக்கா உண்மையாகவே வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000. வெளியாளுக்கு விற்கும்போது வாங்குபவர் கட்டுகிற 9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்று: விடுதலை எழுதச் சொல்லும் முன் இடத்தின் இன்றைய மதிப்பை அக்காவிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மதிப்பு தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அக்காக்களின் வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி நிலத்துக்கு வருவோம். ஒரே நிலம் மூன்று இடத்தில் பிரிய வேண்டும்: திட்ட அனுமதியில், பத்திரத்தில், பட்டாவில். இந்த மூன்றையும் ஒன்று என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. தாலுகா ஆபீசில் சர்வேயர் வந்து அளந்து புது உட்பிரிவு எண் கொடுத்துவிட்டால் மனை பிரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வருவாய்த் துறை கொடுப்பது யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற பதிவு மட்டுமே. அந்தத் துண்டைத் தனி மனையாக விற்கலாம், அதில் வீடு கட்டலாம் என்று சொல்ல வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது அதன் கீழ் உள்ள திட்டக் குழுமம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதையும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பங்கு பிரிந்திருக்கும், மனை அங்கீகாரம் வந்திருக்காது.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் துண்டு போட்ட மனையைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. அந்தத் தேதிக்கு முன்பு மனையாகவே பதிவானவற்றுக்கு வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வந்தன. அப்பா 1992இல் வாங்கியது அங்கீகரித்த மனைப்பிரிவா, இல்லையா? மூலப்பத்திரத்தில் மனை எண்ணும் மனைப்பிரிவு அனுமதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் வேலை பிரிப்பதல்ல, முழு இடத்தை ஒழுங்குபடுத்துவது.

இதைச் சுற்றிப் போக ஒரு குறுக்கு வழி உண்டு. தரகரே அதைச் சொல்லக்கூடும்: ‘பிரிக்காமலே பிரிபடாத பாகம்னு எழுதி வித்துடலாம் சார், ஆளுக்கு ஒரு ஸ்கெட்ச் கொடுத்துடலாம்.’ நிலத்தைத் துண்டாக்காமல் ஆளுக்கு இத்தனை பங்கு என்று மட்டும் எழுதுவது அது. அடுக்குமாடிக்காக வந்த ஏற்பாட்டைக் காலி மனைக்கு மாட்டும் வேலை. வாங்குபவர் தனிப்பட்டா கேட்டோ, வீடு கட்ட அனுமதி கேட்டோ போகும் அன்றைக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

திட்ட அனுமதியில், எட்டு மனைக்கு உட்பட்டால் அது உட்பிரிவு, அதற்கு மேல் போனால் மனைப்பிரிவு, அதாவது லேஅவுட். உங்களுடையது முதல் வகை. ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவு பெற்ற பொறியாளர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் மூன்று வாரிசுகளும் கையெழுத்துப் போடுங்கள். அனுமதி வந்த பிறகு அந்த மனை எண்களையே சொத்து விவரத்தில் போட்டுப் பாகப்பிரிவினையோ கிரயமோ எழுதுங்கள். பட்டா உட்பிரிவு கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பத்திரம் எழுதிவிட்டு அதற்கேற்ற அளவில் அனுமதி கேட்பவர்கள்தான் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அலைகிறார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு டேப். பத்திரத்தில் 48க்கு 109 என்று இருப்பது 1992இல் யாரோ சொல்லி யாரோ எழுதியது. நகர நில அளவைப் பதிவேட்டு வரைபடத்தில் மீட்டரில் என்ன இருக்கிறது, தரையில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் அளக்காதீர்கள். பின்பக்கத் தென்வடல், இரண்டு பக்கக் கிழமேல், மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டு, எல்லாம் வேண்டும். குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக வரவில்லையென்றால் உங்கள் செவ்வகம் செவ்வகம் இல்லை.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு நீள மனையை மூன்றாகப் பிரிக்க, பத்திர அளவை வைத்தே படம் போட்டேன். காம்பவுண்டுச் சுவர் இருந்ததால் அதுதான் எல்லை என்று நம்பிவிட்டேன். கல் நடுகிற அன்று பின்பக்கம் ஒரு அடி நாலு அங்குலம் குறைந்தது. பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர் உள்ளே வந்திருந்தது. அட்வான்ஸ் கொடுத்த இரண்டு பேர் அங்கேயே நிற்கிறார்கள். டேப்பின் ஒரு நுனி என் கையில். மறுபடி அளந்தேன், மறுபடி அதேதான் வந்தது. கடைசியில் விலையைக் குறைத்து முடித்தார் நிலத்துக்காரர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்புறம் தரையை அளக்காமல் ஒரு கோடு போட்டதில்லை.

இனி, எத்தனை மனை என்ற கேள்வி. என் கணிப்பு: இரண்டு. அதுவும் நீளவாக்கில், கிழமேலாக. ஒவ்வொன்றும் 24க்கு 109, 2,616 சதுர அடி. இரண்டுக்கும் நேராக ரோடு. பாதைக்கு ஒரு அடி போகாது. மூன்றாகப் பிரிப்பது பற்றியும் யோசித்தேன். அதில் பின்மனை விலை அடிபடுகிறது. பாதை யாருடையது, அதில் யார் வண்டி நிறுத்துவது என்ற சண்டை ஆயுசுக்கும் ஓயாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு கவனிக்க வேண்டியது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுபவர் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி வாங்கிக்கொள்ளலாம். வாங்க வருகிறவருக்கு இது பெரிய வசதி. உங்கள் பாதி மனை 116 சதுர அடி அதிகமாகி அந்த வரம்பைத் தாண்டுகிறது. நடுக்கோட்டை வடக்கே ஒன்றே கால் அடி தள்ளினால் ஒரு மனை 22¾க்கு 109, அதாவது 2,480க்குள் வந்துவிடும். விற்கப் போவது அதுவாகவும், வைத்துக்கொள்ளப் போவது 25¼ அடி மனையாகவும் இருக்கட்டும். தரையில் அளந்து அளவு மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

இந்த இடத்துக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டுமா என்றும் சந்தேகம் வரும். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்குப் பதிவு கட்டாயம் இல்லை. உங்களுடையது 486. தப்பித்தீர்கள்.

ஆனால் ஓட்டு வீடு முன்பக்கத்தில் நடுக்கோட்டின் மேலேயே நிற்கிறது என்று படத்தில் தெரிகிறது. நீளவாக்கில் பிரித்தால் வீடு போக வேண்டும். அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் ஒரே வரியில் வந்து போகிறார். மூன்றில் ஒரு பங்குக்காரர் அவர், அதுவும் அங்கேயே குடியிருப்பவர். இப்போதே அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பிறகு இடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கோட்டின் மேல் நிற்கும் கட்டடத்தைப் படத்தில் காட்டாமல் மறைத்தால் ஆய்வுக்கு வருபவர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். இடிப்பது என்றால் மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு வாடகை வீடு பார்க்க வேண்டும். அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். தரகரின் தாளில் அந்தச் செலவே இல்லை.

பவர் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காதீர்கள். விற்கும் அதிகாரத்தோடு பொது அதிகாரம் கொடுத்துவிட்டால் அவர் என்ன விலைக்கு விற்றாலும் பத்திரத்தில் விற்பவர் நீங்கள், வருமான வரிக் கணக்கிலும் நீங்கள். தரகருக்குத் தரகு கொடுங்கள். அது அவருடைய நியாயமான கூலி. சாவியைக் கொடுக்க வேண்டாம்.

வரியைப் பொறுத்தவரை, அப்பா வாங்கியது 2001 ஏப்ரல் 1க்கு முன்பு என்பதால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல், அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பு என்ன என்பதைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். இந்த லாபத்துக்கு, அதாவது மூலதன ஆதாயத்துக்கு, 12.5 சதவீதம். அல்லது அடக்க விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக் கழித்து, மிச்சத்துக்கு 20 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன்பே கைக்கு வந்த சொத்து என்பதால் இரண்டில் குறைந்ததை நீங்கள் கட்டலாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவார். அதை ஏமாற்று வேலை என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கவே வாங்காதீர்கள், அட்வான்சாக இருந்தாலும். மிச்சத்தை ஆடிட்டர் சொல்வார்.

அந்த 60 சென்ட் கனவுக்கு வருகிறேன். அது வேறு விளையாட்டு. 60 சென்ட் என்பது ஏறக்குறைய 2,430 சதுர மீட்டர். பூங்கா போன்றவற்றுக்கு விடும் திறந்தவெளி ஒதுக்கீடு 3,000 சதுர மீட்டருக்கு மேல்தான், அதாவது சுமார் 74 சென்ட்டுக்கு மேல் போனால்தான் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதனால்தான் சின்ன புரமோட்டர்கள் 70 சென்ட்டிலேயே நின்றுகொள்கிறார்கள். ஆனால் ரெரா வரம்பை நாலு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறீர்கள். பதிவு எண் வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் ‘முன்பதிவு ஆரம்பம்’ என்று ஒரு படம் போட்டாலும் தப்பு. அபராதம் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை போகும். வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் வேலைக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். லேஅவுட்டானால் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நஞ்சையாக இருந்தால் வேளாண் துறை, ஆட்சியர் அலுவலகம் வரை நடை. இதில் வரும் லாபம் மூலதன ஆதாயம் ஆகாது, வியாபார வருமானம். உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரி போடப்படும்.

வங்கியும் கை கொடுக்காது. மனைக் கடன் என்பது அங்கீகரித்த மனையை வாங்குபவருக்கு. துண்டு போடுவதற்காக வயல் வாங்குபவருக்கு அந்த வட்டியில் கிடைக்காது. கந்து வட்டிக்கு வாங்கி, அனுமதி நாலு மாதம் தள்ளிப் போனதால் லாபம் முழுக்க வட்டிக்கே போனவர்கள் என் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு மனையை விற்ற பணத்தை மொத்தமாக அதில் போடாதீர்கள். முதலில் இந்த 12 சென்ட்டை விதிப்படி இரண்டாகப் பிரித்து, ஒன்றை விற்று முடியுங்கள். அதற்குள் திட்டக் குழும அலுவலகத்தில் எந்த மேஜையில் கோப்பு எத்தனை நாள் தூங்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த அனுபவத்தோடு 60 சென்ட் பற்றிக் கேளுங்கள், வேறு மாதிரிக் கேட்பீர்கள்.

அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், 1992க்கு முன்பிருந்தே வில்லங்கச் சான்றிதழ், நகர நில அளவைப் பதிவேட்டு நகல். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போய் அக்காவிடம் நேரில் பேசுவது. போனில் வேண்டாம், தம்பி.

இன்னொன்றை மறந்துவிட்டேன். கிணறு. வடக்குச் சுவரிலிருந்து கிணற்றின் இரண்டு விளிம்பும் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். 22¾ அடிக் கோடு அதன் மேல் விழுந்தால், கோட்டைத் தள்ளுவதா, கிணற்றை மூடுவதா, இருவருக்கும் பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதுவதா என்பதை அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் அவர் எடுக்கிறார் என்று நினைக்கிறேன்.